தாடையென்பின் அரிய சிறைப்பைகள்

மனிதவுடலின் என்புகளுள்ளே சிறைப்பைகள் மிகுதியாகத் தோன்றுமிடம் தாடையே. அதற்குக் காரணம் பல். மற்றை என்புகளுள் மேலணியிழையம் இல்லை. தாடையிலோ பல் உருவாகும் பருவத்தில் வாயின் மேலணி என்புக்குள் இறங்கிப் பல்லுக்கு வடிவங் கொடுத்துவிட்டுச் சிதைகின்றது. சிதைந்ததிற் சில துணுக்குகள் பல்வேரின் பக்கத்தே வாளா கிடக்கும். 1885 ஆம் ஆண்டில் இவற்றை விரிவாக ஆராய்ந்த மலாசே என்னும் பிரெஞ்சு அறிஞரின் பெயராலேயே இவை இன்றும் வழங்குகின்றன. சொத்தை முற்றிப் பல்லின் உள்ளிருக்கும் கூழ் இறந்து, வேர்நுனியிலே அழற்சி உண்டாகுங்கால் இத்துணுக்குகள் தூண்டப்பட்டுப் பெருகி, உள்ளே நீர் கொண்ட பையொன்றை ஆக்குகின்றன. இலங்கையிற் கலைச்சொல் வகுத்தோர் சிறைப்பை என்றும், தமிழகத்தார் நீர்க்கட்டி என்றும் கூறுவது இத்தகைய பையையே. தாடைச் சிறைப்பைகளிற் பாதிக்கு மேற்பட்டவை இவ்வேர்நுனி வகையின. சிறியனவாயின் இறந்த பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்வதே பெரும்பாலும் போதும். பெரியனவாயின் பையையும் அகற்றுவர். பல்வைத்தியர் எவரும் அறிந்த செய்தி இது.

ஈண்டு நாம் கூற எடுத்துக்கொண்டவை இவற்றின் வேறானவை. கதிர்ப்படத்திலே சிறைப்பை போலத் தோன்றித் திறந்து பார்த்தாற் பையே இல்லாதிருப்பவை. இவை அரியன, அரியனவாதல் பற்றியே இடர் விளைப்பனவும் ஆகின்றன. நாள்தோறும் காணும் நோய்க்குச் செய்யும் சிகிச்சையைப் பழக்கத்தால் இவற்றுக்கும் செய்துவிடுவதனால் நேரும் இடர் அது.

கனகராயன்குளத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வவுனியாவுக்கு வந்து கற்கும் பதினைந்து வயது மாணவன் ஒருவனை மனத்திற் கொள்வோம். கோணற் பல்லைச் சீர்செய்ய வேண்டித் தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கின்றனர். கீழ்த்தாடையின் இடப்புறத்தே, வேட்டைப்பல்லுக்குப் பின்னே, கடைவாய்ப்பற்களின் வேர்களுக்கடியில் கோழிமுட்டையளவில் ஒரு கருநிழல் தெரிகின்றது. பையனுக்கு நோவில்லை, வீக்கமில்லை. அவன் தாய் அஞ்சுகின்றாள். வெற்றிலை மெல்லும் முதியோர்க்கு வரும் வாய்ப்புற்றுநோயைக் கண்ட ஊரிலே அவ்வச்சம் இயல்பே. ‘நிழலுக்கு மேலேயுள்ள மூன்று பற்களையும் பிடுங்கிவிடலாம்’ என்று யாராவது கூறின், அவள் மறுமொழியின்றி உடன்படுவாள். அம்மூன்று பற்களும் குற்றமற்றவை என்பதை அவளுக்கு யார் கூறுவது?

கூறக்கூடியது ஒரு துண்டுப் பனிக்கட்டி. பஞ்சிற் பனிக்கட்டியின் குளிரை ஏற்றி ஒவ்வொரு பல்லின் மேலும் தொட்டுப் பார்த்தால், கூழ் உயிரோடுள்ள பல் உடனே கூசும்; இறந்த பல் வாளாவிருக்கும். மின்கருவியாலும் இதனைச் சோதிப்பர். வேர்நுனிச் சிறைப்பையாயின் அதற்குக் காரணமான இறந்த பல்லொன்று அங்கே இருத்தல் வேண்டும். பற்கள் எல்லாம் உயிரோடிருக்கின்றன, சொத்தையுமில்லை, நிழல் மட்டும் உண்டு என்றால் எண்ணம் வேறு வழியிற் செல்ல வேண்டும். இச்சோதனைக்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம், பணம் ஒன்றுமில்லை. ஆயினும் அவசரத்தில் முதலிற் கைவிடப்படுவதும் இதுவே.

தாடையிலுள்ள சிறைப்பைகள் யாவும் பல்லிலிருந்தே பிறந்தனவா என்னும் வினா 1929 இல் அமெரிக்கப் பல்வைத்திய இதழொன்றில் லூக்காஸ் என்பாரால் எழுப்பப்பட்டது. பல்லோடு தொடர்பில்லாத, மேலணியில்லாத வெறுங்குழி தாடையிலும் உண்டென முதலிற் காட்டியவர் அவர் என்பர். எளிய என்புச் சிறைப்பை என இன்று பெயர் பெறுவது இதுவே. இதற்கு வழங்கிய பெயர்கள் பல. தனிச் சிறைப்பை, குருதிகசி சிறைப்பை, அடிபட்ட சிறைப்பை என ஒவ்வொருவரும் தாம் கொண்ட கொள்கைக்கேற்பப் பெயரிட்டனர். பெயர் பெருகிய இடத்தில் அறிவு குறைந்திருக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று. இலண்டன் கை வைத்தியசாலையைச் சேர்ந்த இறஷ்டன் 1946 இல் இதனை வரையறுத்தார். குழி ஒன்றாயிருத்தல் வேண்டும், மேலணி இருத்தலாகாது, அழற்சி நோயின் அறிகுறி இருத்தலாகாது, உள்ளே நீரன்றி மென்மையான இழையம் நிறைந்திருத்தலாகாது, சுவர் கடினமான என்பாயிருத்தல் வேண்டும். எல்லாம் ‘இல்லை’ என்பதைச் சுற்றியே அமைந்த வரையறை.

இக்குழி யாங்ஙனம் உண்டாகின்றது? தாடையில் அடிபட்டு என்பின் மச்சையுள்ளே குருதி கசிந்து, அக்குருதி உறைந்து என்பாக மாறுவதற்குப் பதிலாகக் கரைந்துபோக, அவ்விடம் வெறுமையாகின்றது என்பது நெடுநாளாக வழங்கிய கொள்கை. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கின்றது. ஆனால், ‘முன்பு எப்போதாவது தாடையில் அடிபட்டதா’ என்று வினவினால் ஆம் என்னாத சிறுவன் யார்? பாலைமரத்திலிருந்தோ துவிச்சக்கரவண்டியிலிருந்தோ ஒருமுறையேனும் விழாது வன்னியில் வளர்ந்தவன் இருத்தல் அரிது. அடிபட்ட நினைவே இல்லாதோரிடத்தும் இக்குழி காணப்படுகின்றது. ஆதலின் இக்கொள்கை நிலைநாட்டப்பட்டதென்று கூறுதற்கில்லை. போர்க்காலக் காயத்தின் எச்சமே இந்நிழல் என்று ஒரு குடும்பத்தார்க்கு உறுதியாக உரைப்பதும் தகாது.

தாடைச் சிறைப்பைகளுள் நூற்றில் ஒன்று அளவினதாகிய இது, பெரும்பாலும் பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட வயதினரிடத்தே, கீழ்த்தாடையின் உடற்பகுதியிலே காணப்படும். கதிர்ப்படத்தில் இதற்கொரு தனி அடையாளம் உண்டு. நிழலின் மேல்விளிம்பு நேராயிராது. குளத்து நீர் மேடுகளுக்கிடையே விரல் நீட்டிப் புகுமாறு போல, ஒவ்வொரு வேருக்கும் இடையே மேலேறி நெளிந்து நிற்கும். வேர்கள் இடம்பெயர்வதும் தேய்வதும் குறைவு. இவ்வடையாளத்தோடு உயிருள்ள பற்களும் சேர்ந்துவிட்டால் ஐயம் பெரும்பாலும் நீங்கும். முழுவதும் நீங்குவது திறந்து பார்க்கும்போதே.

இதிற் புதுமை யாதெனின், திறந்து பார்ப்பதே சிகிச்சையாகவும் அமைந்துவிடுவதாகும். ஈறை விலக்கி என்பிற் சிறு சாளரம் வெட்டிப் பார்க்கின், உள்ளே ஒன்றும் இல்லை. அன்றி, வைக்கோல் நிறத்து நீரோ குருதி கலந்த நீரோ சிறிது இருக்கும். சில வேளை கீழ்த்தாடை நரம்பு குழியின் ஊடே வெளிப்படையாகத் தெரியும். சுவரை மெல்லச் சுரண்டிக் குருதி கசியச் செய்து, குழி அக்குருதியால் நிறைந்ததும் ஈறை மூடித் தைத்துவிடுவர். உறைந்த குருதியே புதிய என்புக்கு அடித்தளமாகும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அந்நிழல் பெரும்பாலும் மறைந்துவிடும். ஒன்றுஞ் செய்யாமலே தானாக ஆறியவையும் உண்டு. நடுவயதுப் பெண்களிடத்தே, தாடையின் வேறு என்புக்கோளாறுகளோடு சேர்ந்து தோன்றும் இவ்வகைக் குழிகள் மட்டும் இவ்வாறு எளிதில் ஆறுவதில்லை. அவற்றைக் கூடுதலான காலம் கண்காணித்தல் வேண்டும். சுரண்டும்போது வேர்நுனிகளை வெறுமையாக்கிப் பல்லின் உயிரைப் போக்கிவிடாதிருத்தல் கைவல்லார் அறிந்த நுட்பம். நம் மாணவனின் மூன்று பற்களும் தப்பின.

ஆனால் எல்லாக் கருநிழலும் இத்துணை அமைதியானவையல்ல. அதே வயதினரிடத்தே, அதே கீழ்த்தாடையிலே, சிறிது பின்தள்ளிக் கடைவாய்ப்பற்பகுதியிலும் தாடைக்கோணத்திலும் தோன்றும் வேறொன்று உண்டு. சில கிழமைகளில் அல்லது மாதங்களிற் கன்னம் வீங்கும். கூகைக்கட்டு என்று எண்ணி வீட்டிலே பத்துப் போடுவர். கூகைக்கட்டு பத்து நாளில் வற்றும், இது வற்றாது. முகம் கோணும், பற்கள் இடம்பெயரும், சிலர்க்கு நோவும் இருக்கும். நியூயோர்க்கைச் சேர்ந்த ஜாபே, லிச்ரன்ஸ்ரைன் என்னும் நோயியல் அறிஞர் இருவர் 1942 இல் முதுகென்பிலும் இடுப்பென்பிலும் கண்டு அனியூரிஸ்மல் என்புச் சிறைப்பை எனப் பெயரிட்டது இதுவே. நாடியிற் புடைப்பு உண்டாவது போல என்பு வெளியே ஊதியிருத்தலைக் கண்டு இட்ட பெயர் அது. உண்மையில் இது நாடிப்புடைப்புமன்று, மேலணியுடைய சிறைப்பையுமன்று. எளிமை கருதிக் குருதிச் சிறைப்பை என்றே இதனை ஈண்டு வழங்குவோம். உடலிலுள்ள இவ்வகைச் சிறைப்பைகளுள் தாடைக்குரியன நூற்றுக்கு இரண்டளவே. தாடையில் இதனை 1958 இல் எழுதிக் காட்டியவர்கள் பேணியர், பாஸ்கர் என்போர். இவருள் பாஸ்கர் இந்தியாவிற் பிறந்து அமெரிக்கா சென்று, பின்னர் அந்நாட்டு இராணுவப் பல்வைத்தியப் பிரிவுக்கே தலைவராக உயர்ந்தவர்.

உள்ளே இருப்பது குருதியில் ஊறிய பஞ்சு போன்ற இழையம். சிறிதும் பெரிதுமான அறைகள், அறைதோறும் குருதி, அறைகளைப் பிரிக்கும் சுவர்களிலே பல கருக்களையுடைய இராட்சதக் கலங்கள். நெடுங்காலமாக இது குருதியோட்டத் தடையால் விளைந்த கோளாறு என்றே கருதப்பட்டது. 2004 இல் வெளிவந்த ஆய்வு அக்கருத்தை மாற்றியது. பதினேழாம் நிறமூர்த்தத்திலுள்ள யூ.எஸ்.பி. 6 என்னும் பரம்பரையலகு தன்னிடம் விட்டு வேறொரு பரம்பரையலகோடு பொருந்திவிடுவதால், அடங்கியிருக்க வேண்டியது அளவின்றித் தொழிற்படுகின்றமை இவற்றுட் பலவற்றிற் கண்டறியப்பட்டது. ஆகவே இது புற்றுநோயன்றாயினும் உண்மையான ஒரு கழலையே. வேறு என்புநோயொன்றின் மேல் இரண்டாவதாகத் தோன்றும் குருதிச் சிறைப்பைகளில் இம்மாற்றம் இல்லை. அங்கே மூலநோயைத் தேடிக் கண்டு அதற்கும் சிகிச்சை செய்தல் வேண்டும்.

இதனை அறியாது, சாதாரணச் சிறைப்பை என எண்ணிப் பற்சிகிச்சை நாற்காலியில் இருத்தித் திறந்தால் என்ன நேரும்? மெல்லிய என்போட்டை நீக்கியதும் கருஞ்சிவப்பான குருதி பொங்கி வழியத் தொடங்கும். நாடி வெட்டுண்டாற் போலப் பீறிடாது, ஆயினும் நில்லாது. அழுத்திப் பிடித்தாலும் கசிந்துகொண்டேயிருக்கும். அவ்விழையம் முழுவதும் சுரண்டி அகற்றப்படும்போதே குருதி அடங்கும் என்பது இந்நோயின் இயல்பு. பாதியில் அஞ்சிக் கையை எடுப்பவர் நோயாளியை இன்னும் பெரிய இடருள் ஆழ்த்துகின்றார். ஆதலின் இது மயக்கமருந்து வல்லுநரும், பொருத்தம் பார்த்துவைத்த குருதியும் ஆயத்தமாயுள்ள சத்திரசிகிச்சைக் கூடத்திலே செய்யப்பட வேண்டியது. பெரியவற்றுக்கு, சத்திரசிகிச்சைக்கு முன்னரே குருதிக்கலன்களுள் நுண்குழாய் செலுத்தி அடைத்துவிடும் முறையும் உண்டு. சுரண்டியபின் ஒரு பகுதியேனும் எஞ்சினால் நோய் மீண்டும் வளரும். அவ்வாறு மீண்டவற்றுக்கும் மிகப் பெரியவற்றுக்கும் தாடையின் ஒரு பகுதியையே வெட்டி நீக்கி, இடுப்பென்பிலிருந்து துண்டெடுத்துப் பொருத்துவதும் உண்டு.

இதனினும் கொடியது ஒன்றைக் கூறாது விடலாகாது. அது சிறைப்பையே அன்று. தாடையென்பினுள்ளே நாடியும் நாளமும் நேரே கலந்து பின்னிய பிறவிக் குருதிக்கலன் கோளாறு, கதிர்ப்படத்திற் சிறைப்பை போலவே தோற்றும். அதன் மேலுள்ள பல் ஆடும். ஈற்றின் விளிம்பிற் காரணமின்றிக் குருதி கசியும். கைவைத்தால் துடிப்பும் தெரியலாம். அவ்வாடும் பல்லைப் பிடுங்கிய சில நிமிடங்களில் உயிர் நீத்த பிள்ளைகளைப் பற்றி மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

ஆகவே, கத்தி செல்லுமுன் ஊசி செல்லல் வேண்டும். இக்கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவிற் கொள்வதாயின் இதனையே கொள்க. இடத்தை மரக்கச் செய்து, தடித்த ஊசியொன்றைக் குழியுட் செலுத்தி உறிஞ்சிப் பார்ப்பது ஒரு சிறு செயல். மஞ்சள் நீர் வந்து அதிலே கொலஸ்திரோல் பளிங்குகள் மினுங்கினால் அது வழக்கமான பற்சிறைப்பை. வெண்மையான, தயிர்க்கட்டி போன்ற பொருள் வந்தால் கெரற்றின் நிறைந்த சிறைப்பை. அது மீண்டும் மீண்டும் தோன்றும் இயல்பினது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஒன்றுமே வராவிடின் வெறுங்குழியாகலாம். அன்றேல் உள்ளே கெட்டியான கழலை இருக்கலாம். கருங்குருதி எளிதில் வந்தால் குருதிச் சிறைப்பையை ஐயுறுக. ஒளிர்சிவப்பான குருதி தானே ஊசிக்குழாயைத் தள்ளிக்கொண்டு ஏறினால், ஊசியை எடுத்து அவ்விடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லெதனையும் தொடாமல், நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு உடனே அனுப்புக. ஊசி முடிந்த முடிபைத் தருவதில்லை. எதைச் செய்யக்கூடாது என்பதைத் தெளிவாகக் கூறிவிடும்.

செய்யக்கூடாதவற்றுள் முற்றாக ஒன்றுமே செய்யக்கூடாத நோயும் உண்டு. அமெரிக்க மேயோ சிகிச்சை நிலையத்துப் பல்வைத்தியர் ஸ்ராவ்னே, 1942 இல், கீழ்த்தாடைக் கோணத்தருகே நரம்புக் கால்வாய்க்குக் கீழே முட்டை வடிவான நிழலுடையோர் முப்பத்தைவரைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் நடுவயது ஆண்களிடத்தே காணப்படும் இது, தாடையின் உட்புறத்திலுள்ள ஒரு பள்ளமே. உமிழ்நீர்ச் சுரப்பியின் ஒரு பகுதி அதிற் படிந்திருப்பதுண்டு. நிழல் நரம்புக் கால்வாய்க்குக் கீழே இருக்கின்றதா மேலே இருக்கின்றதா என்று நோக்கினால் இதனைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம், ஐயமிருப்பின் சீ.ரீ. படம் தீர்த்துவைக்கும். கத்திக்கு அங்கே வேலையில்லை.

இவையெல்லாம் ஒருவகையிற் கதிர்ப்படம் தந்த நோய்கள். 1895 இல் றொஞ்சன் தம் கதிரைக் கண்டறிந்த சில கிழமைக்குள், செருமனியில் வால்கொவ் என்னும் பல்வைத்தியர் தம் வாயையே இருபத்தைந்து நிமிடம் அக்கதிருக்குக் காட்டிப் பல்லின் படத்தை எடுத்தார். இன்று அதற்கு ஒரு நொடியும் வேண்டியதில்லை. நோவில்லாத குழிகள் அக்காலத்துக்கு முன்னும் தாடைகளில் இருந்தன. யாரும் அறியாமலே ஆறியும் இருக்கும். கண்டுவிட்டமையால் நாம் ஏதாவது செய்தாக வேண்டும் என்னும் துடிப்பு நமக்கு உண்டாகின்றது. அத்துடிப்பை அடக்குவதும் மருத்துவத்தின் ஒரு கூறே.

வன்னியில் இந்நோயை ஐயுறுவோர்க்கு இரு தடைகள் உண்டு. முதலாவது தூரம். எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியிற் பார்த்து அறுதியிடுதல் வாய்நோயியல் வல்லுநரின் தொழில். இந்நாட்டிற் பல்வைத்தியக் கல்வி 1943 இற் கொழும்பிலே தொடங்கி, 1954 இற் பேராதனைக்கு மாற்றப்பட்டது. இத்துறையின் அறிவு அங்கேயே வேரூன்றியது. நம் வாயிலினூடே செல்லும் ஏ-9 வீதி கண்டியில் தொடங்குகின்றது. பேராதனை அதற்கு அயலே உள்ளது. வீதி ஒன்றாயினும் வழி என்றும் திறந்திருந்ததில்லை. 2006 ஆகத்தில் முகமாலையில் வீதி அடைபட்டபின், கிளிநொச்சியார்க்கு அண்மையிலிருந்த யாழ்ப்பாண வைத்தியசாலையும் எட்டாததாயிற்று. அத்தகைய காலத்தில் வளர்ந்த பிள்ளையின் கன்னவீக்கம் எத்தனை மாதம் காத்திருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். இன்று வீதி திறந்திருக்கின்றது. ஆயினும் ஒரு நாட் கூலியை இழந்து, பேருந்துக்குப் பணம் தேடிப் போய்வரும் தாய்க்கு, ‘முடிவு வந்ததும் மீண்டும் வருக’ என்னும் சொல் எளிதன்று. அவளுக்குக் காரணத்தை விளக்கி அனுப்பினால் அவள் வருவாள். விளக்காது அனுப்பினால் நோவில்லாத நோய்க்காக எவரும் இரண்டாம் முறை வருவதில்லை. இங்கே ஆசிரியர் ஒருவரின் ஒரு சொல் வைத்தியரின் கடிதத்தினும் வலியதாகலாம்.

இரண்டாவது தடை இம்மண்ணுக்கே உரியது. 2009 இல் முடிந்த போரின் செல் துண்டுகளை உடலிலே தாங்கி வாழ்வோர் இங்கு உளர். முகத்திலோ கழுத்திலோ தங்கிய உலோகம் சீ.ரீ. படத்திற் கதிர்போலக் கீறு விழுத்திக் குழியின் விளிம்பை மறைத்துவிடும். காந்த அலைப் படமாகிய எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதோ, இரும்புத் துண்டு காந்தத்தால் இழுபட்டு அசையக்கூடும். கண்ணுக்கோ பெருங்குருதிக்கலனுக்கோ அருகிலிருப்பின் அது பெருந்தீங்காகும். ஆதலின் உடலில் துண்டு உண்டென்பதை, அது காலிலிருப்பதாயினும், படம் எடுப்பவரிடம் முன்னரே கூறிவிடல் வேண்டும். சிறு வயதிற் காயப்பட்டோர் சிலர் தம் உடலில் துண்டு இருப்பதையே அறியார். அவர்க்கு முதலிற் சாதாரணக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தல் நலம்.

சத்திரசிகிச்சைக்குப் பின்னர், ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும், அதன்பின் ஆண்டுக்கொருமுறை சில ஆண்டுகளும் படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். குருதிச் சிறைப்பையாயின் முதல் இரண்டாண்டு மிகக் கருத்தாயிருத்தல் வேண்டும். மீள்வன பெரும்பாலும் அக்காலத்துள்ளேயே மீள்கின்றன. ஒப்பிடுவதற்குப் பழைய படம் இருத்தல் வேண்டுமல்லவா? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடதாசிகளை இழந்து பழகிய குடும்பங்களில் அது இலகுவன்று. மாரிமழையில் ஓலைக்கூரை ஒழுக, படத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாவதும் உண்டு. நெகிழியுறையில் இட்டுப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்தல் ஒரு வழி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து, பெயரும் திகதியும் தெரியுமாறு மகனிடத்தும் ஆசிரியரிடத்தும் ஒவ்வொரு படி இருக்கச் செய்தல் இன்னொரு வழி.